மேல்விளையின் மழைக்குழிகள்

அண்ணாச்சி,

இன்றைக்குக் காலையில் காப்பியில் மண் மணத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். வீட்டுக்காரி அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்து, தூளையும் மாற்றவில்லை, பாலையும் மாற்றவில்லை, கிணற்றைப் போய்ப் பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தேன். நேற்று ராத்திரி பெய்த கோடை மழையில் தண்ணீர் செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி கிடந்தது. வாளியில் கோரி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் செம்மண் படிகிறது. அதைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். என் விளையின் மண், இந்தத் தோட்டத்து மண், இவ்வளவு மிருதுவாக இருக்காது. இது மேலே இருந்து வந்தது. நீங்கள் வருடக்கணக்காகக் கட்டிப்போட்டு வைத்திருந்த மண், நீங்கள் போன முதல் கோடையிலேயே கயிறு அவிழ்ந்த மாடு மாதிரி இறங்கி வந்துவிட்டது.

காப்பியை வாசலில் ஊற்றிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உயிரோடு இருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். நேரில் சொல்ல முகம் இருந்திருக்காது.

நம் சரிவை நினைத்துப் பார்க்கிறேன். உச்சியில் பொன்முடிக்குப் போகும் ரோட்டை ஒட்டி உங்கள் விளை. நடுவில் என்னுடையது. எனக்குக் கீழே, ஓடை வரைக்கும் என் தம்பியுடையது. அப்பா விட்டுப்போன ஒரே நிலத்தை நானும் தம்பியும் குறுக்கே வெட்டிப் பிரித்துக்கொண்டோம். நீங்கள் தக்கலைப் பக்கம் இருந்து வந்து மேல்விளையை வாங்கியவர். நான் அப்போது பட்டணத்தில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி இங்கே வித்துராவில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் விவசாயி. திங்கள் விடிந்தால் மறுபடி சட்டை மடிப்பு கலையாத ஆள். ‘பாதி விவசாயி’ என்று நீங்கள் கூப்பிட்டதில் எனக்குக் கோபம் வந்ததுண்டு.

நீங்கள் வந்த முதல் வருடமே, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால், விளை முழுக்கக் குழி வெட்ட ஆரம்பித்தீர்கள். ஆள் ஒருக்களித்துப் படுக்கிற நீளம், முழங்கால் ஆழம். சரிவுக்குக் குறுக்கே ஒரு வரி. அந்த வரியில் குழிக்கும் குழிக்கும் இடையில் எங்கே இடைவெளியோ, அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் ஒரு குழி. மேலே இருந்து ஓடி வரும் தண்ணீர் ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் விழுந்தே ஆகவேண்டும். நான் வேலி ஓரம் நின்று, இத்தனை பேரையும் எங்கே கொண்டு புதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் கேள்வி கேட்கிறவனை என்றீர்கள். அப்படித்தான் நமக்குள் பழக்கம் ஆனது.

உங்களைப் பெரிய மண் காவலர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் குழி வெட்டியது சோம்பேறித்தனத்தால். நல்லமிளகுக் கொடிக்கும் கமுகுக்கும் வேனலில் தண்ணீர் ஊற்ற உங்களுக்கு மடி. அதை ஒளிக்கவும் மாட்டீர்கள்.

“எனக்குக் குடம் சுமக்க வய்யா, கேட்டியா. மழையைக்கொண்டு சுமக்க வைக்கேன்” என்பீர்கள்.

வருடத்தில் ஒரு மாதம் மாடு மாதிரி உழைத்துவிட்டு, மாசி பங்குனியான கும்பமும் மீனமும் முழுக்கப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பீர்கள். குழியில் படிந்த வண்டலை அள்ளி மிளகு மூட்டில் போடுவது மட்டும்தான் அந்த மாதங்களில் வேலை. என் ஆடு அந்தப் பக்கம் வந்தால் கல்லெறிவீர்கள். அதற்காக நாம் ஒரு ஓணம் முழுக்கப் பேசாமல் இருந்ததும் உண்டு.

ஆனால் நீங்கள் வெட்டிய இரண்டாவது வருடத்தில் இருந்து என் கிணறு வற்றவில்லை. அப்பா காலத்தில் மீனத்தில் அடிக்கல் தெரியும் கிணறு அது. நான் முதலில் அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி எல்லாம் பிள்ளையார் கிருபை என்றாள். ஒரு நாள் நீங்கள் என் கிணற்றடியில் வந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் கூடுதல், எல்லாம் நம்முடைய வியர்வைதான் என்றீர்கள். சிரித்தோம். சிரித்ததோடு சரி. அண்ணாச்சி, உங்களால்தான் எனக்குத் தண்ணீர் என்று நான் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

கிருஷி பவனில் இருந்து வந்து நம் வாசகசாலையில் நடத்திய கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்ணையும் தண்ணீரையும் காப்பது பற்றி விவசாயிகளின் மனப்பான்மையைத் தெரிந்துகொள்ள வந்திருப்பதாக அந்த விவசாய அதிகாரிப் பெண் சொன்னாள். மழைநீரைச் சரிவிலேயே நிறுத்துவது அவசியம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள். ஒரு கை பாக்கி இல்லாமல் எல்லாக் கையும் மேலே போயின. சாயாவும் பருப்புவடையும் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தூக்கினார்கள். சரி, உங்கள் விளையில் குழியோ, மண்ணைத் தடுக்கும் கையாலை வரப்போ எடுத்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் வையுங்கள் என்றாள். கைகள் எல்லாம் தலையைச் சொறியவும் துண்டைச் சரிசெய்யவும் போய்விட்டன. உங்கள் கை மட்டும் நின்றது. அதுவும் அரை மனசாக. வடை தட்டு உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நன்றி சொல்ல என்னைத்தான் எழுப்பினார்கள். பாதி விவசாயியாக இருந்தாலும் முழுப் பேச்சுக்காரன் அல்லவா. மண்ணும் நீரும் நம் இரண்டு கண்கள் என்றேன். வரப்போகும் தலைமுறை என்றேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் என் விளையைத் தாண்டி வீணாகப் போகக்கூடாது என்பது என் கொள்கை என்றும் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது என் வேலி வந்ததும் நீங்கள் நின்றீர்கள்.

“கண்ணு ரெண்டும் சரி. குழி எங்கே டேய்?” என்று கேட்டீர்கள்.

குழி இல்லை. அதற்கு நேர் எதிரான ஒன்று இருந்தது. என் விளையின் தெற்கு ஓரத்தில் மேலிருந்து கீழாக, நூல் பிடித்த மாதிரி ஒரு சால் வெட்டி வைத்திருந்தேன். என் விளையில் பெய்கிற மழை அத்தனையும் அந்தச் சாலில் இறங்கி, தம்பியின் கிணற்றுப் பக்கம் போகாமல், நேராக ஓடைக்குப் போய்விடும். என் மண்ணும் அதோடு போனது. வாழை மூட்டில் வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். அந்த எதிரி என் கூடப் பிறந்தவன்.

சண்டைக்குக் காரணம் எல்லையில் நின்ற பலாமரம் என்று உங்களுக்குத் தெரியும். தம்பி வீடு கட்டும்போது, கதவு நிலைக்கு என்று என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டான். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் மரம் நின்ற இடத்தில் வெயில் அடித்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், கேட்கவில்லையே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதும்போது, கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கூட்டத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறங்கி வந்து, அந்தச் சாலின் வாயை மூடிவிட்டு உன் விளையின் அடிவரம்பில் ஒரு வரி குழியாவது எடுத்துப் போடு, தம்பிக்குக் கிணறு ஊறும் என்றீர்கள். அதற்கு நான் சொன்னதை அந்த வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“நான் குழி வெட்ட, அவன் தண்ணி குடிக்கவா அண்ணாச்சி?”

உங்கள் கிணற்றுக்கு அல்ல, என் கிணற்றுக்கு ஊறும் குழிகளை வெட்டிக் காய்ப்பு ஏறிய கையோடு நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஓங்கி ஒரு அறைகூட விட்டிருக்கலாம். நீங்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, மழை வருமா வராதா என்று ஆகாசத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டீர்கள். அடுத்த வருடமும் குழி வெட்டினீர்கள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தீர்களா, விளங்கியும் இப்படித்தான் என்று விட்டுவிட்டீர்களா, தெரியவில்லை.

தம்பியின் கிணறு கும்பத்திலேயே வற்றும். அவன் பெண்சாதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் விளையின் ஓரத்து நடைபாதை வழியாகத்தான் ரோட்டுக் குழாய்க்கு ஏற வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வெறுங்குடத்தோடு ஏறி, நிறைகுடத்தோடு இறங்கும்போது வளைவில் நின்று ஒரு கையால் முழங்கால் முட்டைப் பிடித்துக்கொள்வாள். லாட்ஜ் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு தினமும் இதைப் பார்த்தேன். என் கிணற்றில் ஒரு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். வந்து கோரிக்கொள் என்று கூப்பிடவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. பலாமரம் போலவே இதையும் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில், துலாமழை சமயத்தில் நீங்கள் போனீர்கள். குழிகள் எல்லாம் நிரம்பி நின்ற நாள். உங்களை எடுத்துக்கொண்டு போகும்போது தூக்கினவர்கள் குழிகளுக்கு இடையில் வளைந்து வளைந்து நடக்க வேண்டியிருந்தது. அதில் ஒருவன், போகும்போதும் அண்ணாச்சி நேர்வழி விட மாட்டேன் என்கிறாரே என்றான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

கும்பத்தில் உங்கள் மகள் விளையை அன்னாசிக்குக் குத்தகைக்கு விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டணத்தில் வேலை, பிள்ளைகள் படிப்பு. வாராவாரம் வந்து பார்க்க அவளால் ஆகாது. குத்தகைக்காரர் ஜேசிபியைக் கொண்டுவந்து ஒரே நாளில் எல்லாக் குழியையும் மூடி, சரிவை வழித்துவிட்டார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, இது அண்ணாச்சி பாடுபட்டு வெட்டினது என்றேன். அவர் நல்ல மனிதர்தான். கொஞ்ச வருடத்துக்கு எடுத்த பூமி, இதில் குழிக்கு இடம் விட்டால் கன்று எங்கே வைப்பது, கீழே யார் கிணறு ஊறினால் எனக்கென்ன என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்ன மனிதர், இப்படியும் ஒரு மனசா என்று வீட்டில் வந்து பொருமினேன். வீட்டுக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனம் பாதியில் என் கிணற்றில் கயிறு போதவில்லை. அடியில் கல் தெரிந்தது. போன வாரம் உங்கள் மகளைப் பார்க்கப் பட்டணத்துக்குப் போனேன். பழவங்காடியில் இறங்கி, காரியம் நடக்கணும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, பின்னால் இருக்கிற தெருவில் அவள் ஃபிளாட்டுக்கு ஏறினேன். அவளுக்கு உங்கள் நெற்றி. சாயா போட்டுத் தந்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை எல்லாம் பேசினேன். அப்பா மண்ணைக் காத்தவர், அவர் குழிகள் அவர் ஞாபகம், கீழே இருக்கிறவர்களின் குடிதண்ணீர் அதில்தான் இருக்கிறது, எல்லையை ஒட்டி இரண்டு வரியாவது மறுபடி எடுத்துத் தரச் சொல் மகளே என்றேன். வாசகசாலையில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். கண்கூடக் கலங்கியது. பொய் இல்லை, நிஜமாகவே கலங்கியது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். குத்தகைக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். அப்புறம் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கள்ளமும் இல்லாமல் கேட்டாள்.

“மாமாக்க விளையிலே எத்தனை குழி உண்டு? அதுக்க நீளமும் ஆழமும் சொன்னா, இதே மாதிரி எடுங்கண்ணு அவருகிட்ட சொல்லலாம்லா?”

அண்ணாச்சி, உங்கள் மகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். என் விளையில் இல்லை மகளே என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஓ, தேவைப்பட்டிருக்காது, அப்பாக்க குழியே போதுமாயிருந்திருக்கும் என்று அவளே எனக்கு ஒரு சமாதானமும் எடுத்துக் கொடுத்தாள். கீழே சின்ன மாமா சுகமா என்று கேட்டாள். சுகம் என்றேன். மீதிச் சாயாவைக் குடிக்க முடியவில்லை. படி இறங்கும்போது, ஊருக்கு உபதேசம் என்கிற பேச்சு எனக்காகவே உண்டானது என்று தோன்றியது. தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தே போனேன்.

பஸ்ஸில் நெடுமங்காடு தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் உங்கள் மகளிடம் போய்க் கெஞ்சின அதே குழியைத்தான் நீங்கள் என்னிடம் தம்பிக்காகக் கேட்டீர்கள். அந்தக் குத்தகைக்காரர் சொன்ன பதிலைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். அவராவது சிரித்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அடிவரம்புக்குப் போனேன். முதலில் சாலின் வாயை மூன்று இடத்தில் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன். பிறகு குறுக்கே ஒரு குழி. காய்ந்த செம்மண், மம்பட்டி பட்டால் ணங்கென்று திரும்பி வருகிறது. இரண்டு கொத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினேன். சோம்பேறி என்று உங்களைச் சொன்னவன் நான். சத்தம் கேட்டுத் தம்பி கீழே இருந்து வந்து எல்லையில் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. இத்தனை பக்கத்தில் அவனைப் பார்த்தே பல காலம் ஆகிறது.

என்னத்துக்குக் குழி என்று கேட்டான்.

உனக்குத்தான் என்று சொல்ல வேண்டிய இடம். வாழை வைக்க என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நல்லது செய்வதைக்கூட ஒளித்துச் செய்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். அடுத்தடுத்த நாளும் வெட்டினேன். ஒரு வரி முடிந்து, அதன் இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரியும் ஆரம்பித்தேன்.

நேற்று சாயங்காலம் தம்பி மறுபடி ஏறி வந்தான். தோளில் இரண்டு வாழைக்கன்று. நல்ல திரட்சியான கன்றுகள், வேர்மண் உதிராமல் ஓலையில் கட்டியிருந்தான். குழிக்கரையில் இறக்கி வைத்தான்.

“செங்கதளி. தாய்வாழை நல்லா குலைச்சது. வச்சுக்கிடுங்க” என்றான்.

நான் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாந்துதான் அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு மேலும் பொய் சொன்னால் அந்தக் குழியிலேயே என்னை மூடிவிடலாம் என்று இருந்தது.

“இது வாழைக்கு இல்ல டேய். மழைக்கு. உனக்க கிணத்துக்கு.”

அவன் குழியைப் பார்த்தான். அடைத்துப் போட்டிருந்த சாலின் வாயைப் பார்த்தான். மேல்வரியையும் கீழ்வரியையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பலாமரத்தை எடுத்திருப்பேன், இரண்டு பேருக்கும் சுலபமாகப் போயிருக்கும்.

“நல்ல காரியம்” என்றான். “அவளுக்கு முட்டு போறதுக்கு மின்னே வெட்டியிருக்கலாம், அண்ணே.”

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கன்றுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் அவற்றைக் குழிக்கு வெளியே, கிளறிப் போட்ட மண்ணில் நட்டுவைத்தேன். ராத்திரி அந்த மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தபோது என் குழிகளில் செந்தண்ணீர் நின்றது. எழுதுவதற்கு நடுவில் மத்தியானம் மறுபடி போனேன், மண் அதைக் குடித்துவிட்டிருந்தது. அது தம்பியின் கிணற்றுக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை மழை வேண்டுமோ. உங்கள் மகளிடம் இருந்து பதில் வரவில்லை. கேட்டுப் போன் பண்ணவும் எனக்கு மனசு வரவில்லை.

வெட்டுவதை நிறுத்தவில்லை அண்ணாச்சி. இடவப்பாதிக்குள் அடிவரம்பு முழுக்க முடித்துவிடுவேன். ஆனால் ஒன்று இருக்கிறது, அதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். தம்பி பெண்சாதி இப்போதும் காலையில் குடத்தோடு ஏறுகிறாள். வளைவில் நிற்கிறாள், முட்டைப் பிடித்துக்கொள்கிறாள், நிதானித்து இறங்குகிறாள். அவள் தலை மறைகிற வரைக்கும் நான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். அப்புறம்தான் மம்பட்டியை எடுக்கிறேன்.